மொட்டை மாடியில் ஒரு நீண்ட ஜெபம்

மதுரைக்காரனுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வெயிலில் நின்ற பைக்கில் உட்காரும் முன் சீட்டைக் கையால் தட்டிப் பார்ப்பது, பஸ் ஜன்னல் கம்பியில் முழங்கையை வைக்காமல் இருப்பது, நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே தெருவில் நடப்பது, இதெல்லாம் எங்களுக்கு நடை பழகும்போதே வந்துவிடும்.

இந்த அறிவெல்லாம் இருந்தும் ஒருவன் மே மாத மத்தியானத்தில், தானே பெயிண்ட் அடித்த மொட்டை மாடியின் நட்டநடுவில் வெறுங்காலோடு போய் நின்றான். அதுவும் அவன் வெயிலைத் தடுக்கும் பெயிண்டை விற்று மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன். அவனுடைய கால்களில்தான் இன்றைக்கு நானும் நடந்துகொண்டிருக்கிறேன் என்பதால் அவனை ரொம்பவும் கேவலமாகப் பேச முடியவில்லை. முடிந்தவரை பேசுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் ஷீலா, ஆனையூர். ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நானும் அம்மாவும் சமயநல்லூரிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். எனக்குப் பிடித்திருந்தது. ஷீலாவுக்கும் பிடித்திருந்தது. (இதை அவள் இன்றுவரை "பரவால்லன்னு தோணுச்சு" என்றுதான் சொல்வாள்.) அவளுடைய அம்மாவுக்கு என்னை ரொம்பவே பிடித்துவிட்டது, ஏனென்றால் அன்று அவர் போட்ட கேசரியை நான் மூன்று முறை கேட்டு வாங்கினேன். பாக்கி இருந்தது அவளுடைய அப்பா ஒருவர்தான்.

ஞானதாஸ் சார் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். அவர் முன்னால் உட்கார்ந்தால் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த உணர்வு தானாக வந்துவிடும். என் வேலையை அவர் ஒரு வேலையாகவே சேர்த்துக்கொள்ளவில்லை.

"பெயிண்ட் விக்கிறீங்க."

"சாதாரண பெயிண்ட் இல்ல சார். வெக்கையைத் தடுக்கிற பெயிண்ட். மொட்டை மாடியில அடிச்சா கீழ ரூம் குளுகுளுன்னு இருக்கும்."

"தம்பி, நம்ம ஊர்ல குளுகுளுன்னு இருக்கது ஜிகர்தண்டா மட்டுந்தான்."

அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அவர் படுக்கும் அறை மாடியில், நேராகத் தளத்துக்கு அடியில். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட், பொழுது சாய்ந்ததும் அத்தனையையும் அவர் மேல் இறக்கும். ஃபேன் போட்டால் அந்த அனல் காற்றையே பிடித்து முகத்தில் அடிக்கும். அவர் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு, மேலே பார்த்தபடி படுத்திருப்பாராம். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வெப்பம் கடத்தப்படுவதைச் சொல்லிக்கொடுத்த மனிதரைக் கடைசியில் வெப்பமே தேடி வந்து படுக்கையறையில் பிடித்துக்கொண்டது.

கிளம்பும்போது ஷீலா வாசலில் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குச் சம்மதந்தான். அப்பாவைச் சம்மதிக்க வைக்கிறது உங்க பாடு."

ஒரு இளைஞனிடம் சொல்லக் கூடாத வாக்கியம் அது. நான் அங்கேயே சார் பக்கம் திரும்பி, அடுத்த சனிக்கிழமை வந்து நானே அந்த மாடிக்குப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றேன். அதோடு நிறுத்தினேனா? "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்து, உச்சி வெயில்ல, செருப்பில்லாம மேல ஏறி நடங்க சார். சுட்டுச்சுன்னா பொண்ணு தர வேணாம்" என்று சொல்லிவிட்டேன்.

என் அம்மா அப்போதே என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். நான்தான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை இரண்டு பெரிய வாளி வெள்ளைப் பெயிண்டோடு போய் இறங்கினேன். அந்தப் பெயிண்டின் மகிமையே அதன் வெள்ளைதான். வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். இதைத்தான் தினம் பத்துப் பேரிடம் நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். வாளியைத் திறந்து கலக்கிக்கொண்டிருக்கும்போது ஷீலாவின் அம்மா மேலே வந்தார். எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன தம்பி இது, வெள்ளையா இருக்கு?"

"வெள்ளைதான் அத்தை அடிக்கணும்."

(அத்தை என்று அப்போதே ஆரம்பித்துவிட்டேன். தைரியசாலி.)

"வெள்ளையடிச்சா கல்லறைத் தோட்டம் மாதிரில்ல இருக்கும். துணி காயப்போட வந்தா கண்ணு வேற கூசும். பக்கத்து வீட்டைப் பாருங்க, தட்டோடு பதிச்சு செவசெவன்னு எம்புட்டு லட்சணமா இருக்கு. அந்தக் கலர்ல அடிக்க முடியாதா?"

இந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன சொல்லியிருப்பான்? 'முடியாது அத்தை. அடர்ந்த நிறம் வெயிலை உள்ளே இழுக்கும். கல்லறை மாதிரி இருந்தாலும் வெள்ளைதான்' என்று சொல்லியிருப்பான். நான் சொன்னது: "உங்களுக்குப் பிடிச்ச மாதிரி பண்ணிரலாம் அத்தை."

கீழே கடைக்குப் போய், சிமெண்ட் தரைக்குப் போடுவார்களே, அந்த ரெட் ஆக்சைடு பொடியை வாங்கி வந்து வாளியில் கொட்டினேன். ரோஸ் நிறம் வந்தது. அத்தை "இன்னுங் கொஞ்சம்" என்றார். கொட்டினேன். "இன்னுங் கொஞ்சம்." கேசரிக்கு நான் கேட்டதை அவர் வட்டியோடு திருப்பிக் கேட்டார் என்று நினைக்கிறேன். கடைசியில் வாளியில் பெயிண்ட் குறைவாகவும் பொடி அதிகமாகவும் இருந்தது. ஆனால் நிறம் அசல் தட்டோட்டுச் சிவப்பு.

ஞானதாஸ் சார் படி ஏறி வந்து, கதவருகே நின்று, வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தன் மனைவியைப் பார்த்தார்.

"செவப்பா இருக்கே தம்பி. வெக்கையை இழுக்காது?"

"அதெல்லாம் அந்தக் காலத்துப் பாடம் சார். இப்ப டெக்னாலஜி மாறிருச்சு."

இயற்பியல் மாறிவிட்டது என்று ஒரு இயற்பியல் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை, "அவருக்குத் தெரியாதா? கம்பெனிக்காரரே சொல்றாருல்ல" என்றார். சார் வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

பொழுது சாய்வதற்குள் முழு மாடியையும் முடித்தேன். யாரும் செருப்புக் காலோடு மேலே ஏறக் கூடாது, புதுப் பெயிண்ட் கெட்டுவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிறு காலையில் சர்ச்சுக்குப் போகும் வழியில் ஒரு எட்டு வந்து தளத்தைத் தொட்டும் பார்த்தேன். சில்லென்று இருந்தது. பெருமையாக இருந்தது. அந்த நேரத்தில் தார் ரோடும் சில்லென்றுதான் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் அம்மாவோடு மறுபடி ஆனையூர் போனேன். வீட்டில் மட்டன் பிரியாணி வாசம். பேச்சை முடிப்பதற்கென்றே உசிலம்பட்டியிலிருந்து ஷீலாவின் பெரியப்பா வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் கைக்குட்டை. அவருடைய சொல்லுக்குத்தான் சார் கட்டுப்படுவார் என்று அம்மா வழியிலேயே காதைக் கடித்திருந்தாள்.

எல்லோரும் வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் படி ஏறினோம். படி முடியும் இடத்தில் ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு கதவு, கதவுக்கு வெளியே பாய் அகலத்துக்கு நிழல். மற்றவர்கள் அந்த நிழலில் நின்றுகொண்டார்கள். நான் ஒரு விளம்பரப் பட நடிகனைப் போல வெயிலுக்குள் நடந்தேன்.

முதல் இரண்டு எட்டு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் உள்ளங்காலில் யாரோ தோசைக்கல்லை ஒட்டியது போல இருந்தது. திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் நடு மாடிக்கு வந்துவிட்டேன். முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. உறைந்துபோன ஒரே பொருள் அதுதான்.

"எப்படிப்பா இருக்கு?" என்றார் பெரியப்பா.

"குளுகுளுன்னு இருக்கு" என்றேன்.

அடுத்து நான் செய்ய வேண்டியது, சாவகாசமாகத் திரும்பி நடந்து நிழலுக்குள் புகுந்துகொள்வது. திட்டம் நல்ல திட்டம். ஆனால் பெரியப்பா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிருவோம்" என்றார்.

எங்கள் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். புது ஃபிரிட்ஜ் வந்தால் ஜெபம். போர்வெல் போட்டால் ஜெபம். பழைய ஸ்கூட்டருக்குப் புது டயர் மாட்டினால்கூட ஒரு சின்ன ஜெபம் உண்டு. ஜெபம் தொடங்கிவிட்டால் நின்றவர் நின்ற இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். நடுவில் நகர்ந்து போவது நடக்காத காரியம். அதுவும் பெண் கேட்க வந்த வீட்டில், பெண்ணின் பெரியப்பா ஜெபிக்கும்போது.

அவர் பெயிண்டுக்காகத்தான் ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். அவர் உலகத்தின் சிருஷ்டிப்பிலிருந்து தொடங்கினார்.

வானத்தையும் பூமியையும் உண்டாக்கினதற்கு நன்றி சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் பூமியைப் பற்றிக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. பிறகு உசிலம்பட்டிப் பக்கம் மழை கேட்டார். நான் அதற்கு மனதார ஆமென் சொன்னேன், ஆனையூருக்கும் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். பரீட்சை எழுதின பிள்ளைகள், பெட்டில் இருக்கிற நோயாளிகள், தூர தேசத்து ஊழியக்காரர்கள் என்று ஒவ்வொரு வாசலாக நின்று நின்று வந்தார்.

மேலேயிருந்து வெயில் உச்சந்தலையில் இறங்கியது. கீழேயிருந்து தளம் உள்ளங்கால் வழியாக ஏறியது. காற்று என்று ஒன்று இருந்திருந்தால் அதுவும் தன் பங்கைக் கொண்டுவந்திருக்கும், நல்லவேளை இலைகூட ஆடவில்லை. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் போய்க்கொண்டே இருக்கும், இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்வரை நிற்காது என்று படித்திருக்கிறேன். அங்கே குளிர்ந்த பொருள் நான்தான். நானும் மாடியும் ஒரே சூட்டுக்கு வர அதிக நேரமில்லை என்று தெரிந்தது.

வலது காலைத் தூக்கி இடது முழங்காலில் வைத்தேன். இடது கால் கதறியது. மாற்றினேன். குதிகாலில் நின்றேன், விரல் நுனியில் நின்றேன், பாதத்தின் ஓரத்தில் நின்றேன். கை கூப்பியபடியே, சத்தமில்லாமல், ஒரு முழுநீள நாட்டியமே ஆடினேன். எல்லோரும் கண்ணை மூடியிருப்பார்கள் என்ற தைரியம்.

"அக்கினியிலும் எங்களை வேகாதபடி காக்கிறவரே" என்றார் பெரியப்பா.

அங்கே நான் கண்ணைத் திறந்துவிட்டேன். திறந்தால், நிழலிலிருந்து ஒரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஷீலா. இன்னொரு கண்ணை ஒழுங்காக மூடியிருந்தாள். நான் பார்வையால் கெஞ்சினேன். உதடு மட்டும் அசைய, "சுடுதா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டின ஆட்டில் கழுத்து சுளுக்கியிருக்க வேண்டும்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.  நிழலின் ஓரத்தில் கொடிக்கம்பி தொடங்கியது. அதில் அப்போதுதான் அலசிப் போட்ட துணிகள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன. கைக்கு எட்டியதை உருவி, பந்தாகச் சுருட்டி, என் காலடிக்கு எறிந்தாள். கணக்கு டீச்சர் என்றாலும் குறி தப்பவில்லை.

நான் அதன் மேல் ஏறி நின்றேன். ஈரம். குளிர்ச்சி. அந்த நொடியில் நான் செய்த ஜெபத்தைப் பெரியப்பா வாழ்நாளில் செய்திருக்க மாட்டார். அவர் ஒருவழியாகப் பெயிண்டுக்கு வந்து, அதை இரண்டே வரியில் ஆசீர்வதித்து முடித்தார்.

"ஆமென்."

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். நான் ஒரு வெள்ளை வேட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். ஞானதாஸ் சார் சர்ச்சுக்குக் கட்டும் ஒரே பட்டுக்கரை வேட்டி.

நான் மரியாதைக்காக வேட்டியிலிருந்து இறங்கினேன். அந்த நிமிடமே 'ஸ்ஸ்ஆ' என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு நிழலை நோக்கி ஓடினேன். பெரியப்பாவின் காலை மிதித்துத்தான் நின்றேன். அத்தை போய் வேட்டியை எடுக்கக் குனிந்தார், ஒரு எட்டு வைத்ததும் "யாத்தே" என்று துள்ளிக் குதித்துத் திரும்பினார். பிறகு ஷீலா கீழே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து வேட்டியை எடுத்து விரித்தாள். நடுவில் இரண்டு பாதங்கள், விரல் எண்ணும்படி, செக்கச்சிவப்பாக. பெயிண்டில் ஒட்டாமல் நின்ற பொடியெல்லாம் என் காலில் ஏறி, ஈர வேட்டியில் இறங்கிவிட்டது. வெப்பம் மட்டும்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் என்று யார் சொன்னது?

கீழே என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பாதம் இரண்டும் கொப்புளம். அத்தை பதறிப்போய் ஒரு பிளாஸ்டிக் டப்பைக் குழாயடியில் வைத்து நிரப்பிக் கொண்டுவந்து, "காலை வைங்க தம்பி" என்றார். வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். மாடி டேங்க்கிலிருந்து வந்த தண்ணீர். மே மாதம் எங்கள் ஊரில் அந்தத் தண்ணீரில் நேராகக் காப்பி போடலாம். கடைசியில் மண்பானைத் தண்ணீரை ஊற்றினார்கள்.

டப்பில் காலை வைத்துக்கொண்டு நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கைப்பையை மடியில் எடுத்து வைத்துவிட்டாள். கிளம்பத் தயார் என்று அர்த்தம். 'சுட்டுச்சுன்னா பொண்ணு தர வேணாம்' என்று சொன்னவன் நான்தானே. யாரும் அதை ஞாபகப்படுத்தவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. ஷீலா சமையலறைக் கதவைப் பிடித்தபடி தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படியும் போகப்போகிறது, உண்மையைச் சொல்லிவிட்டாவது போகலாம் என்று தோன்றியது.

"சார், பெயிண்ட் மேல தப்பில்ல. வெள்ளையா அடிச்சிருந்தா சுட்டிருக்காது. செவப்புப் பொடியைக் கலந்தது நாந்தான். தப்புன்னு தெரிஞ்சுதான் கலந்தேன்."

"தெரிஞ்சு ஏன் தம்பி கலந்தீங்க?"

நான் அத்தையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"அத்தை ஆசைப்பட்டாங்க. வேணாம்னு சொல்ல வாய் வரல."

ஞானதாஸ் சார் டப்பில் இருந்த என் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது, அவர் முகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

"இருபத்தெட்டு வருஷமா எனக்கும் வரல தம்பி" என்றார். "நேத்து வாளியைப் பார்த்ததுமே தெரியும். நான் வாயைத் திறந்தேன், என்ன ஆச்சுன்னு பார்த்தீங்கள்ல."

"அப்ப ரெண்டு பேரும் என்னையத்தான் சொல்றீங்களா?" என்றார் அத்தை.

"இல்ல" என்றோம் நானும் அவரும் ஒரே நேரத்தில்.

பெரியப்பா மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, அம்புட்டுச் சூட்டுல நின்ன, ஓடி வந்திருக்கலாம்ல?"

"நீங்க ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தீங்களே."

"ஓடல அண்ணே" என்றார் சார். "மழைக்கு ஜெபிச்சீங்கள்ல, அப்பவே காலை மாத்த ஆரம்பிச்சுட்டாரு. கடைசி வரைக்கும் கூப்புன கையை எடுக்கல."

பெரியப்பா மெதுவாகத் தன் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீயும் கண்ணை மூடலையா?"

ஓய்வுபெற்ற ஆசிரியர் வகுப்பில் பிடிபட்ட மாணவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்து, "சாப்பாட்டைப் போடுங்க, மாப்ளைக்கு இங்கேயே கொண்டாங்க" என்றார். 'தம்பி' போய் 'மாப்ளை' வந்திருந்தது. அம்மா கைப்பையை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தாள். தண்ணீர் டப்பில் காலை வைத்தபடி நான் அன்று பிரியாணி சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் மாடிக்கு வெள்ளையே அடித்தேன். சார் இப்போது எனக்கு மாமா, மத்தியானத்திலும் அந்த அறையில் தூங்குகிறார். அத்தை துணி காயப்போடக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏறுகிறார். "கல்லறைக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவார். கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை விசேஷம் நடந்தாலும், பெரியப்பா ஜெபத்துக்கு எழுந்தால் போதும், யாராவது ஓடிப்போய் என் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்துவிடுவார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது அந்த வேட்டி. சோப்பு, எலுமிச்சை, பிளீச்சிங் பவுடர் எதற்கும் அந்தப் பாதங்கள் மசியவில்லை. சர்ச்சுக்குக் கட்ட முடியாதென்று மாமா அதை வீட்டு வேட்டியாக்கிக்கொண்டார். அவர் எப்படிச் சுற்றிக் கட்டினாலும் இரண்டு பாதங்களும் சரியாகப் பின்பக்கம், உட்காரும் இடத்தில் வந்துவிடுகின்றன. தினமும் காலையில் பால் வாங்க அதைக் கட்டிக்கொண்டுதான் ஆனையூர்த் தெருவில் நடக்கிறார்.

பின்னால் வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "என்ன சார், யாரு மிதிச்சது?" என்று கேட்பார்கள்.

மாமா திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்வார். "மாப்ள."